வூகாமர்ஸ் அட்மினில் விற்பனைக் கணக்கு: இருபது வரி கோடும் அதற்குப் பின்னால் இருக்கிற வம்பும்

வேர்ட்பிரஸ் தளத்தை இணையக் கடையாக்குகிற வூகாமர்ஸில் கடை நடத்துகிறவர்கள் அட்மினில் (தளத்தின் நிர்வாகப் பகுதியில்) அடிக்கடி போய் நிற்கிற பக்கம் பொருட்களின் பட்டியல். படம், பெயர், எஸ்கேயூ (பொருளின் அடையாளக் குறியீடு), ஸ்டாக், விலை, வகை, குறிச்சொல், நட்சத்திரம், தேதி என்று வரிசையாக எல்லாம் இருக்கும், எத்தனை விற்றது என்பது மட்டும் இருக்காது. கடை வைத்திருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதானே! இத்தனைக்கும் அந்த எண் டேட்டாபேஸில் ஒவ்வொரு பொருளின் பெயரிலும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துக் காட்டத்தான் ஆளில்லை.

இந்தக் குறையை நாமே கோட் எழுதி நிரப்பினால் எப்படி இருக்கிறது, அப்படிக் கிடைக்கிற எண்ணை நம்பலாமா என்பதுதான் இங்கே விஷயம். வூகாமர்ஸை முழுதாக அலசப் போவதில்லை, செக்அவுட், ஷிப்பிங் பற்றியெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெடுவரிசை சேர்ப்பது சுலபம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் எந்த எண்ணைக் காட்டுகிறோம் என்று பார்க்காமல் செய்தால் அந்த நெடுவரிசை இல்லாமலிருப்பதே மேல், ஏனென்றால் கண் முன்னால் எப்போதும் இருக்கிற எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வூகாமர்ஸ் 2011-இல் வூதீம்ஸ் வெளியிட்ட வேர்ட்பிரஸ் பிளகின், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்கிற துணை மென்பொருள். 2015-இல் ஆட்டோமேட்டிக் வாங்கியது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வருகிற மென்பொருள், நம் சர்வரில் ஓடுகிறது, ஆகவே அட்மின் பக்கமும் நம் கைக்குள்தான். ஷாப்பிஃபை மாதிரி அவர்கள் சர்வரில் ஓடுகிற கடையில் அட்மின் பக்கத்தின் பிஎச்பியைத் திறந்து நாலு வரி எழுதுவது என்ற பேச்சே கிடையாது, ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற வாசல்) வழியாகத் தரவை எடுத்துத் தனி ஆப் கட்ட வேண்டும். மஜென்டோவில் செய்யலாம், ஆனால் பட்டியலில் ஒரு நெடுவரிசை வேண்டுமென்றாலும் தனி மாட்யூல் பதிவு செய்து எக்ஸ்எம்எல் கோப்பு எழுதி உட்கார வேண்டும். வூகாமர்ஸில் ஹூக் இருக்கிறது, நம் கோடை மாட்டுவதற்கென்று விட்டு வைத்த கொக்கி, பிடித்துத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது.

"அனலிட்டிக்ஸ் என்று ஒரு மெனுவே இருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அது வூகாமர்ஸுக்குள்ளேயே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. எந்தப் பொருள் எத்தனை போனது, நிகர விற்பனை எவ்வளவு, போன மாதத்தோடு ஒப்பிட்டால் எப்படி என்று எல்லாம் காட்டும், சிஎஸ்வி ஆகவும் எடுத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் டாஷ்போர்டில் வூகாமர்ஸ் ஸ்டேட்டஸ் என்று ஒரு சின்னப் பெட்டியும் உண்டு, இந்த மாத விற்பனை, அதிகம் போன பொருள், தயாராக வேண்டிய ஆர்டர், தீரப்போகிற ஸ்டாக் என்று நாலைந்து தகவல். மாதம் ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவருக்கு இவை இரண்டும் போதும்.

சிக்கல் எங்கே என்றால், முடிவெடுக்கிற இடம் வேறு, எண் இருக்கிற இடம் வேறு. விலையை மாற்றுவது, ஸ்டாக்கைக் கூட்டுவது, ஒரு பொருளை முகப்புக்குக் கொண்டுவர நட்சத்திரம் போடுவது, போகாத சரக்கை டிராஃப்ட் ஆக்கி ஒதுக்குவது, இதெல்லாம் பொருள் பட்டியலில் நடக்கிற வேலை. அங்கே நின்றுகொண்டு, இது போகிறதா போகவில்லையா என்று பார்க்க இன்னொரு மெனுவைத் திறந்து, தேதி வரம்பு தேர்ந்தெடுத்து, பெயரைத் தேடி, திரும்பி வர வேண்டியிருக்கிறது. நாலைந்து பொருள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரும் அந்த அலைச்சலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், குத்துமதிப்பாக முடிவெடுத்துவிட்டுப் போவார்கள்.

சரி, கோட். பொருள் பட்டியலில் நெடுவரிசை சேர்க்க மொத்தம் மூன்று நான்கு ஹூக்தான். மதிப்பை மாற்றித் தருகிற ஹூக் ஃபில்டர், அந்த இடத்தில் ஒரு வேலையைச் செய்ய விடுகிற ஹூக் ஆக்‌ஷன். பட்டியலின் தலைப்புகளைத் தருகிற ஃபில்டரில் நம் தலைப்பை விலைக்குப் பக்கத்தில் நுழைக்க வேண்டும், ஒவ்வொரு வரிசையிலும் அந்தக் கட்டத்துக்கான மதிப்பை அச்சிடுகிற ஆக்‌ஷனில் எண்ணைப் போட வேண்டும், தலைப்பைக் கிளிக் செய்தால் வரிசைப்படுத்தும் வசதி வேண்டுமென்றால் அதற்கு இன்னும் ஒரு ஃபில்டர். எண் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பொருளுக்கும் 'டோட்டல் சேல்ஸ்' என்ற மெட்டா கீ (பொருளோடு சேமித்த கூடுதல் விவரத்தின் பெயர்) இருக்கிறது, பொருள் ஆப்ஜெக்டிடம் அதே பெயரில் ஒரு கெட் மெத்தடும் உண்டு, கேட்டால் தரும். தொட்டுத் தொட்டு இருபது வரி. ஃபில்டர் வழியாகச் சேர்த்த நெடுவரிசை ஸ்க்ரீன் ஆப்ஷன்ஸிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், வேண்டாதவர்கள் டிக்கை எடுத்துவிடலாம், அதற்கென்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. இந்த இடத்தில் வேர்ட்பிரஸை மனதாரப் பாராட்டுகிறேன், இத்தனை வருடப் பழைய வடிவமைப்பு என்று கேலி செய்கிறவர்கள் இந்த மாதிரி ஒன்றைப் புது மென்பொருளில் செய்து காட்டட்டும்.

வரிசைப்படுத்துவதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மெட்டா மதிப்பு டேட்டாபேஸில் எழுத்தாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது, அதனால் சும்மா மெட்டா வேல்யூ என்று கொடுத்து வரிசைப்படுத்தினால் 9 என்பது 100-க்கு மேலே போய் நிற்கும், எண்ணாகக் கருது என்று சொல்கிற வகையைத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது, அட்மின் பக்கமா, முதன்மைக் குவெரியா (பக்கத்துக்காக டேட்டாபேஸிடம் கேட்கிற முக்கியக் கேள்வியா) என்று சோதிக்காமல் குவெரியைத் திருத்துகிற கோடை அப்படியே விட்டால் கடையின் முன்பக்கப் பட்டியலும் சேர்ந்து புரண்டுவிடும். வேறு ஏதோ கருவியில் நேரடியாக டேட்டாபேஸுக்குள் பொருட்களை ஏற்றிய கடைகளில் இன்னொன்றும் நடக்கும்: அந்த மெட்டா கீயே இல்லாத பொருட்கள், வரிசைப்படுத்தியவுடன் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். பொருள் அழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், வரிசையை எடுத்தால் திரும்ப வந்துவிடும். கீ இல்லாதவற்றுக்குப் பூஜ்யம் எழுதி வைத்தால் தீர்ந்தது.

இதுவரை வந்தவர்கள் பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கிற துண்டுக் கோட்கள் முக்கால்வாசி இதோடு முடிகின்றன. உண்மையில் வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டோட்டல் சேல்ஸ் என்ற அந்த எண் எதற்காக வைக்கப்பட்டது என்று பாருங்கள். கடையின் முன்பக்கத்தில் வாடிக்கையாளர் 'பிரபலமானவை முதலில்' என்று வரிசைப்படுத்துகிறார் இல்லையா, அதற்காக. கணக்குப் பார்க்க வைத்த எண் அல்ல அது. எந்தப் பொருள் எதைவிட அதிகம் போகிறது என்று தோராயமாகத் தெரிந்தால் போதும் என்ற அளவில்தான் அது கூடுகிறது, குறைகிறது. ஒரு ஆர்டர் பிராசஸிங், கம்ப்ளீட்டட், ஆன் ஹோல்ட் ஆகிய மூன்றில் எந்த ஸ்டேட்டஸுக்குப் போனாலும் எண்ணிக்கை ஏறும். ஆன் ஹோல்ட் என்பதைக் கவனியுங்கள்: வங்கிப் பரிமாற்றம் என்று தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டவரின் பணம் இன்னும் வராத நிலையில்தான் ஆர்டர் அப்படி நிற்கும். காசோலையும் அப்படியே. பொருள் கையில் கிடைத்ததும் பணம் தருகிற ஆர்டர் நேராகப் பிராசஸிங்குக்குப் போய்விடும், பணம் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆக, நீங்கள் பார்ப்பது 'விற்றது' அல்ல, 'கேட்கப்பட்டது' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆர்டரை கேன்சல் செய்தால் இப்போதைய பதிப்புகளில் எண் குறைகிறது, குப்பையில் போட்டாலும் குறைகிறது. ரீஃபண்ட் கொடுத்தால் குறைவதில்லை! திரும்பத் திரும்ப வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புகிற ஒரு பொருள், இந்த நெடுவரிசையில் உச்சத்தில் உட்கார்ந்து சிரிக்கும். உடுப்பு, செருப்பு மாதிரி அளவு பார்த்து வாங்குகிற பொருட்களை விற்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

வேரியேஷன் இருக்கிற பொருள் என்றால் இன்னும் மோசம். சிவப்பு பெரிய அளவு ஐம்பது போயிருக்கலாம், நீலம் சின்ன அளவு ஒன்றுகூடப் போகாமல் கிடக்கலாம், எல்லாம் மூலப் பொருளின் கணக்கில் ஒன்றாகக் கொட்டப்படும், ஸ்டாக் எடுக்கும்போது அது எதற்கும் உதவாது. கடைசியாக, இந்த எண்ணுக்குக் காலம் கிடையாது. கடை திறந்த நாளிலிருந்து கூடிக்கொண்டே வருகிறது. மூன்று வருடம் முன்பு ஓடி இப்போது செத்துப்போன பொருள், போன வாரம் வந்து பறக்கிற பொருளைவிட மேலே இருக்கும். பழைய ரேஷன் கார்டைக் காட்டி வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று சொல்வது மாதிரி.

அப்படியானால் எதை எடுப்பது? அனலிட்டிக்ஸ் தனக்கென்று வைத்திருக்கிற டேபிள்கள். ஆர்டர் புராடக்ட் லுக்அப் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆர்டரில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை: பொருள் எண், வேரியேஷன் எண், தேதி, எத்தனை, நிகரத் தொகை, மொத்தத் தொகை, கூப்பன் கழிவு, வரி, ஷிப்பிங் என்று எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். பழைய முறையில் ஆர்டர் ஐட்டம் மெட்டா டேபிளில் போய் அளவுக்கு ஒரு வரிசை, பொருள் எண்ணுக்கு ஒரு வரிசை, தொகைக்கு ஒரு வரிசை என்று சிதறிக் கிடப்பதை ஒரே டேபிளை மூன்று நான்கு தடவை இணைத்துப் பொறுக்க வேண்டும், அந்தக் குவெரியைப் படித்தாலே தலை சுற்றும். லுக்அப் டேபிளில் ரீஃபண்டும் கழித்தல் எண்ணோடு தனி வரிசையாக விழுகிறது, கூட்டினால் கழிந்துவிடும். கடைசி முப்பது நாளில் எத்தனை என்பது ஒரே ஒரு எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கிற மொழி) வாக்கியம். வேரியேஷன் வாரியாக வேண்டுமா, குரூப் பை-யில் இன்னொரு பெயரைச் சேர்த்தால் வந்தது.

இதிலும் நுணுக்கம் உண்டு. ஆர்டரின் ஸ்டேட்டஸ் இந்த டேபிளில் இல்லை, ஆர்டர் ஸ்டேட்ஸ் என்ற பக்கத்து டேபிளோடு இணைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே கம்ப்ளீட்டட் மட்டும் வேண்டும் என்று எழுதினால் உங்கள் நெடுவரிசை ஒன்று சொல்லும், அனலிட்டிக்ஸ் வேறொன்று சொல்லும், ஏனென்றால் அனலிட்டிக்ஸ் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுப்பதில்லை, பெண்டிங், ஃபெயில்டு, கேன்சல்டு போன்ற சிலவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சமெல்லாம் எடுத்துக்கொள்கிறது. எதையெல்லாம் ஒதுக்குவது என்பது அனலிட்டிக்ஸ் அமைப்புகளில் மாற்றக்கூடியது, ஆகவே நம் கோடும் அந்த அமைப்பை வாசித்து அதன்படி நடப்பதுதான் முறை. தேதியும் அப்படியே: ஆர்டர் போட்ட தேதியா, பணம் கட்டிய தேதியா, முடிந்த தேதியா என்று அங்கே ஒரு தேர்வு இருக்கிறது. முதலாளி ஒரு பக்கத்தில் 42 என்றும் இன்னொரு பக்கத்தில் 39 என்றும் பார்த்துவிட்டால் இரண்டையும் நம்ப மாட்டார், அப்புறம் நாம் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

ரீஃபண்ட் கொடுக்கும் விதமும் கணக்கில் சேர்த்தி. ஆர்டர் பக்கத்தில் எந்தப் பொருளில் எத்தனை, எவ்வளவு தொகை என்று வரிவரியாகப் போட்டுத் திருப்பினால் பொருள்வாரிக் கணக்கு சரியாகக் குறையும். அவசரத்தில் தொகையை மட்டும் போட்டாலோ, ஸ்டேட்டஸை ரீஃபண்டட் என்று மாற்றிவிட்டுப் போனாலோ எந்தப் பொருள் திரும்பியது என்ற விவரம் ரீஃபண்டில் இருக்காது. எவ்வளவு நல்ல கோட் எழுதினாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஆர்டர் பார்க்கிறவர்களிடம் சொல்லிப் பழக்க வேண்டும்.

இன்னொன்று, லுக்அப் டேபிள் ஆர்டர் வந்த அந்த நொடியில் நிரம்புவதில்லை. ஆக்‌ஷன் ஷெட்யூலர் என்கிற பின்னணி வேலையாள் எடுத்துப் போடும்வரை காத்திருக்கும், அந்த வேலையாளை எழுப்புவதோ பெரும்பாலும் டபிள்யூபி கிரான் என்கிற வேர்ட்பிரஸின் நேர அட்டவணை, அது எழுவதோ யாராவது தளத்தைத் திறக்கும்போது. ஆள் வரத்து குறைந்த கடையில் 'இன்றைய விற்பனை' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, இப்போது வந்த ஆர்டர் ஏன் இதில் இல்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். சர்வரின் சொந்த கிரானை வைத்து அதைக் குறித்த இடைவெளியில் எழுப்புவது நல்லது. பழைய ஆர்டர்கள் நிறைய இருந்து அவை இந்த டேபிளுக்கு வந்து சேராமல் இருந்தால், அனலிட்டிக்ஸ் அமைப்பில் பழைய தரவை இறக்குமதி செய்கிற பொத்தான் உண்டு, அதை ஓட்டாமல் கணக்குப் பார்த்தால் பாதிக் கடைதான் தெரியும்.

இனி எச்பிஓஎஸ், ஆர்டர்களைத் தனி டேபிள்களில் சேமிக்கிற வூகாமர்ஸின் புதிய முறை. இணையத்தில் பார்த்து எடுத்து ஒட்டுகிற கோட் நிறையப் பேருக்கு வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். முன்பெல்லாம் ஆர்டர்கள் வேர்ட்பிரஸின் போஸ்ட்ஸ் டேபிளில், கட்டுரையும் பக்கமும் கிடக்கிற அதே இடத்தில் கிடந்தன. 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவுகிற கடைகளில் ஆர்டர்களுக்கென்று தனி டேபிள்கள் தானாகவே இயங்குகின்றன: ஆர்டருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, செயல்பாட்டு விவரத்துக்கு ஒன்று, மெட்டாவுக்கு ஒன்று. மாற்றம் நல்லதுதான், ஆர்டர் தேடல் வேகமாகிறது. ஆனால் 'ஷாப் ஆர்டர்' வகைப் போஸ்ட்களை எண்ணு என்று எழுதியிருந்த பழைய கோட் எல்லாம் இங்கே பூஜ்யம் என்று பதில் சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. போஸ்ட்ஸ் டேபிளைத் திறந்து பார்த்தால் அதே எண்ணில் வரிசை இருக்கும், ஆனால் அதன் வகை இடம்பிடித்து வைக்கிற ஒரு வெற்று வகையாக இருக்கும், உள்ளே சரக்கு ஒன்றுமில்லை. விவரம் தெரியாதவர் கடையில் விற்பனையே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஆர்டர் பட்டியலில் நெடுவரிசை சேர்க்கிறவர்களுக்கு இது இரட்டை வேலை. பழைய பட்டியலின் ஹூக் பெயர் ஒன்று, புதிய பட்டியலின் ஹூக் பெயர் வேறு, பழையதில் ஆர்டர் எண் கைக்கு வரும், புதியதில் ஆர்டர் ஆப்ஜெக்டே வரும். இரண்டு வகைக் கடைக்கும் ஒரே கோட் வேண்டுமானால் இரண்டையும் எழுத வேண்டும். மெட்டாவை வாசிக்க வேர்ட்பிரஸின் போஸ்ட் மெட்டா ஃபங்ஷனைத் தொடாமல் ஆர்டர் ஆப்ஜெக்டையே கேட்பது, ஆர்டர்களைத் தேட வூகாமர்ஸின் கெட் ஆர்டர்ஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்துவது என்று பழகிவிட்டால் எந்த டேபிளில் கிடந்தாலும் கவலையில்லை. புதிய டேபிளில் தேதி ஜிஎம்டி நேரத்தில் இருக்கிறது, லுக்அப் டேபிளிலோ கடையின் உள்ளூர் நேரத்தில். இரண்டையும் கலந்து 'இன்று' என்று ஒரு எண் தயாரித்தால் நள்ளிரவை ஒட்டிய ஆர்டர்கள் ஒரு நாள் முன்னே பின்னே போகும். கோட் எழுதித் தருகிற ஏஐ கருவிகளிடம் கேட்டாலும் பழைய பாணிக் கோட் வந்து விழ வாய்ப்புண்டு, எச்பிஓஎஸ் என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வேகம். பட்டியலில் ஒரு பக்கத்துக்கு இயல்பாக 20 பொருள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு எஸ்கியூஎல் குவெரி ஓடினால் பக்கம் திறக்க 20 குவெரி அதிகம், யாராவது ஸ்க்ரீன் ஆப்ஷன்ஸில் 200 என்று வைத்திருந்தால் 200. விற்பனையைக் காட்டுகிற ஒரு காசு கொடுத்து வாங்கும் பிளகினை ஒரு கடையில் பார்த்தேன், பெயர் வேண்டாம், சரியாக இதைத்தான் செய்துகொண்டிருந்தது, பொருள் பட்டியல் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். குவெரி மானிட்டர் என்ற இலவச பிளகினைப் போட்டுப் பார்த்தால் ஒரே குவெரி எண் மட்டும் மாறி மாறி வரிசையாக நிற்பது தெரியும். சரியான வழி, பக்கத்தில் இருக்கிற பொருட்களின் எண்களையெல்லாம் ஒரேயடியாகச் சேகரித்து ஒரே குவெரியில் கேட்டு, விடையை ஒரு அரேயில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக எடுத்துக் கொடுப்பது.

எனக்குப் பிடித்த வழி அதைவிட எளிது. தினம் ஒரு முறை பின்னணியில் ஓடுகிற வேலை ஒன்றை ஆக்‌ஷன் ஷெட்யூலரிலேயே பதிந்து வைத்து, கடைசி முப்பது நாள் எண்ணைக் கணக்கிட்டு ஒவ்வொரு பொருளிலும் நம் சொந்த மெட்டா கீயில் எழுதிவிடுவது. விற்காத பொருளுக்கும் பூஜ்யம் எழுத வேண்டும், இல்லையென்றால் போன மாத எண் அப்படியே தங்கிவிடும். அதற்கப்புறம் பட்டியல் காட்டுவது, வரிசைப்படுத்துவது எல்லாம் முதலில் சொன்ன இருபது வரி மாதிரியே சுலபம், மெட்டா கீயின் பெயர் மட்டும் வேறு. ஒரு நாள் பழைய எண்தான், ஆனால் சரக்கு எடுப்பதற்கும் விலை குறைப்பதற்கும் நேற்று வரையிலான கணக்கு போதாதா என்ன. தலைப்பிலேயே '30 நாள், நேற்று வரை' என்று எழுதிவிட வேண்டும், வெறும் 'விற்பனை' என்று போட்டால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். எண்ணிக்கையோடு தொகையையும் காட்டுகிறவர்கள், பல நாணயங்களில் விற்கிற கடையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: வூகாமர்ஸ் தானாக எதையும் மாற்றிக் கணக்கிடுவதில்லை, ஆர்டரில் இருந்த எண்ணை அப்படியே கூட்டினால் டாலரும் யூரோவும் ஒரே குவியலாகிவிடும்.

டாஷ்போர்டில் சொந்தப் பெட்டி வைப்பது இதைவிடச் சின்ன வேலை. வேர்ட்பிரஸ் அதற்கென்று ஒரு ஃபங்ஷனே வைத்திருக்கிறது, பெயர் கொடுத்து, காட்ட வேண்டியதை அச்சிடுகிற ஃபங்ஷனைக் கொடுத்தால் பெட்டி தயார். கணக்கிட்ட எண்ணை டிரான்சியென்டில் (வேர்ட்பிரஸின் தற்காலிகச் சேமிப்பில்) ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, ஆர்டர் ஸ்டேட்டஸ் மாறும்போது அதை அழித்துவிடலாம். பெட்டியில் எட்டுப் பத்து எண்ணைத் திணிக்காதீர்கள். வேரியேஷன் வாரியாக அதிகம் போனவை ஐந்து, ஸ்டாக் இருந்தும் முப்பது நாளில் ஒன்றுகூடப் போகாதவை ஐந்து, இவ்வளவு போதும். இரண்டாவது பட்டியலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பணம் முடங்கிக் கிடப்பது அங்கேதான்.

யார் பார்க்கலாம் என்பதைக் கடைசி நிமிடத்தில் யோசிக்கிறவர்கள் அதிகம். வேர்ட்பிரஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றும், வூகாமர்ஸ் சேர்க்கிற ஷாப் மேனேஜர் என்றும் இரண்டு பொறுப்பு உண்டு, ரிப்போர்ட் பார்க்கிற உரிமை இயல்பாகவே இரண்டு பேருக்கும் இருக்கிறது. பார்சல் கட்டுகிறவருக்கு ஷாப் மேனேஜர் லாகின் கொடுத்திருந்தால் அவரும் முழு வருமானத்தையும் பார்க்கிறார் என்று அர்த்தம். நெடுவரிசையைச் சேர்க்கும் இடத்திலேயே அந்த உரிமை இருக்கிறதா என்று சோதித்து, இல்லாதவருக்குத் தலைப்பையே சேர்க்காமல் விட வேண்டும். சிஎஸ்எஸ் போட்டு மறைப்பது மறைப்பே இல்லை, எண் பக்கத்தின் மூலத்தில் அப்படியே இருக்கும். ஷாப் மேனேஜருக்கும் காட்ட வேண்டாம் என்றால் நாமே ஒரு புது உரிமையைப் பெயரிட்டு அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டும் கொடுக்கலாம். ஆனால் அனலிட்டிக்ஸ் மெனு அவருக்குத் திறந்தே இருக்கும்போது நெடுவரிசையை மட்டும் ஒளித்து என்ன பயன்? அந்த உரிமையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கோடை எங்கே வைப்பது என்று கேட்டால், தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் வேண்டவே வேண்டாம். தீமை அப்டேட் செய்தால் அழிந்துவிடும், சைல்ட் தீமில் வைத்தால் அப்டேட்டில் பிழைக்கும், தீமையே மாற்றினால் போய்விடும். விற்பனைக் கணக்குக்கும் கடையின் தோற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு பிஎச்பி கோப்பு, மேலே பிளகின் பெயர் சொல்கிற ஒரு குறிப்பு, அவ்வளவுதான் ஒரு பிளகினுக்குத் தேவை. அதில் எச்பிஓஎஸ்ஸோடு ஒத்துப்போகும் என்று அறிவிக்கிற வரியையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வூகாமர்ஸ் இந்த பிளகினைப் பற்றித் தெரியாது என்று சந்தேகப் பட்டியலில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய் அட்மினே வெள்ளையாகிப் போகிற பயம் முன்பு போல இல்லை, 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், கோளாறு வந்தால் அட்மின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வருகிறது, அதன் வழியே உள்ளே போய்க் கெட்டதை நிறுத்தலாம். அந்த மின்னஞ்சல் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல கடைகளில் தளத்தைக் கட்டிக் கொடுத்தவரின் பழைய முகவரிதான் கிடக்கிறது. நேரடிக் கடையில் சோதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம், சோதனைக்கென்று வைக்கிற ஸ்டேஜிங் நகல் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

ஆக மதிப்பீடு. கோட் எழுதி மாற்றிக்கொள்ளும் வசதிக்கு வூகாமர்ஸுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன், இந்த வசதியில் இதற்குப் பக்கத்தில் வருகிற வேறொன்றை நான் பார்க்கவில்லை. தன்னிடம் இருக்கிற எண்களை அது விளக்குகிற விதத்துக்கு இரண்டரைதான். ஒரே கடையில் டோட்டல் சேல்ஸ் என்று பொருளில் ஒன்று, ஆர்டர் ஸ்டேட்ஸ் டேபிளில் அதே பெயரில் வேறு ஒன்று, முதலாவது எண்ணிக்கை, இரண்டாவது தொகை! இதைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் புதியவர் ஒருவர் தவறான ரிப்போர்ட் ஒன்றை அனுப்பி முடித்திருப்பார். தொழில்முறை டெவலப்பரிடம் இந்த வேலையைக் கொடுக்கிறவர்கள், எண் எந்த டேபிளிலிருந்து வருகிறது, ரீஃபண்ட் கழிகிறதா, எந்த ஸ்டேட்டஸ்கள் சேர்த்தி என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.